ஸ்டேடியம் இல்ல, டிக்கெட் இல்ல... கிராமத்து ரோடுதான் மைதானம்! அயர்லாந்தின் 'ரோடு பௌலிங்' பற்றித் தெரியுமா?

அயர்லாந்தின் கார்க் மாவட்டத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காரில் போய்க்கொண்டிருக்கிறீர்கள். குறுகலான கிராமத்து ரோடு, இரண்டு பக்கமும் வேலிச் செடிகள். திடீரென ஒருவர் கையைக் காட்டி வண்டியை நிறுத்தச் சொல்கிறார். எதிரே பெரிய கூட்டம். ரோட்டின் நடுவில் ஒரு கொத்துப் புல் கிடக்கிறது. ஒருவர் ஓடி வந்து, எகிறி, கையைச் சுழற்றி எதையோ வீசுகிறார். அது ரோட்டில் பட்டு, நெருப்பு மாதிரி உருண்டு ஓடுகிறது. கூட்டம் ரெண்டாகப் பிரிந்து வழிவிடுகிறது.

ஆக்சிடென்ட் இல்லை, ஊர்வலமும் இல்லை. நீங்கள் ஒரு மேட்ச்சுக்கு நடுவில் மாட்டிக்கொண்டீர்கள். அவ்ளோதான்!

இது என்ன விளையாட்டு?

பெயர் 'ரோடு பௌலிங்'. ரூல் ரொம்ப சிம்பிள். ஓர் இடத்தில் தொடங்கி, ரோடு வழியாகவே சில கிலோமீட்டர் தள்ளியுள்ள எல்லைக் கோட்டைப் பந்து கடக்க வேண்டும். குறைந்த வீச்சுகளில் கடப்பவர் வெற்றி பெறுவார். பந்து எங்கே நின்றதோ, அங்கிருந்து அடுத்த வீச்சு. கோல்ஃப் தெரிந்தவர்களுக்கு உடனே புரிந்துவிடும். ஆனால் இங்கே மட்டையும் கிடையாது, குழியும் கிடையாது.

இரண்டு பேரும் ஒரே எண்ணிக்கையில் முடித்தால்? கடைசி வீச்சில் யாருடைய பந்து கோட்டைத் தாண்டி அதிக தூரம் போனதோ, அவருக்கே வெற்றி.

பந்து எப்படி இருக்கும்?

ட்விஸ்ட்டே இங்கதான். இது திடமான இரும்புக் குண்டு. எடை 28 அவுன்ஸ், அதாவது சுமார் 800 கிராம். விட்டம் 6 செ.மீ.க்கும் கொஞ்சம் குறைவு. கிரிக்கெட் பந்தை நினைத்துப் பாருங்கள். அதைவிட இது சைஸில் சின்னது, எடையிலோ சுமார் ஐந்து மடங்கு! கார்க் பக்கம் இதை 'பௌல்' என்கிறார்கள். வடக்கே அர்மா மாவட்டத்தில் ஆட்டத்துக்கே 'புல்லட்ஸ்' என்றுதான் பெயர்.

வீசும் ஸ்டைலும் ஊருக்கு ஊர் மாறும். அர்மாக்காரர்கள் கையை நேராகப் பின்னால் கொண்டுபோய் அப்படியே முன்னால் விடுவார்கள். கார்க்காரர்கள் காற்றாலை மாதிரி ஒரு முழுச் சுற்று சுற்றி விடுவார்கள். ரெண்டிலுமே பந்து தோளுக்குக் கீழிருந்துதான் வெளியேறும்.

அந்தப் புல் எதுக்கு?

வீசுபவர் தனியாக ஆடுவதில்லை. 'ரோடு ஷோவர்' என்று ஒருவர் முன்னால் போய் ரோட்டைப் படிப்பார். எந்தப் பக்கம் சரிவு, எங்கே தார் பெயர்ந்திருக்கிறது, எந்தக் கோட்டில் விட்டால் பந்து ஓரத்துக்குப் போகாது என்பதெல்லாம் அவர் கணக்கு. பந்து எங்கே பட வேண்டுமோ, அங்கே ஒரு கொத்துப் புல்லைப் போடுவார். அதற்கு 'சாப்' என்று பெயர். வீசுபவருக்கு அதுதான் குறி.

ரோடு நடுவில் மேடாகவும் ஓரங்களில் தாழ்வாகவும் இருக்கும் அல்லவா? அதனால் நேராக விட்ட பந்துகூட மெதுவாக ஓரத்துக்கு இழுத்துப் போய்விடும். அந்த ஊர் ரோட்டில் சின்ன வயதிலிருந்து நடந்து பழகியவரின் கண்ணுக்கு மதிப்பு அதிகம் என்பது இதனால்தான்.

வளைவு வந்தால் இரண்டு வழிகள். ஒன்று, பந்துக்குச் சுழற்சி கொடுத்து ரோட்டோடு வளைய விடுவது. இன்னொன்று, வேலிக்கு மேலே தூக்கி வீசி, வளைவுக்கு அந்தப் பக்கம் ரோட்டிலேயே இறக்குவது. இதற்கு 'லாஃப்டிங்' என்று பெயர். ரோட்டில் விழாமல் வயலில் விழுந்தால் நஷ்டம் வீசியவருக்குத்தான்.

பாலத்தைத் தாண்டிய பந்து

இந்த விளையாட்டின் சூப்பர் ஸ்டார் என்று கேட்டால் கார்க்கில் வரும் முதல் பெயர் மிக் பாரி (1919-2014). கார்க் நகருக்கு வெளியே 'செட்விண்ட்' என்ற பழைய ரயில் பாலம் இருக்கிறது. கீழே ரோடு, மேலே கிட்டத்தட்ட 30 மீட்டர் உயரத்தில் பாலம். 1955-ல் 16 அவுன்ஸ் பந்தை இந்தப் பாலத்துக்கு மேலாகத் தூக்கி வீசி அந்தப் பக்கம் இறக்கினார் பாரி. 1985-ல் ஜெர்மனியின் ஹான்ஸ் போலன், 28 அவுன்ஸ் பந்தையே பாலத்துக்கு மேலாக அனுப்பினார்.

ஜெர்மன்காரர் எப்படி வந்தார் என்கிறீர்களா? வடமேற்கு ஜெர்மனியிலும் நெதர்லாந்திலும் இதற்கு உறவுக்கார விளையாட்டுகள் இருக்கின்றன. அவர்களும் அயர்லாந்துக்காரர்களும் ஐரோப்பிய சாம்பியன்ஷிப்பில் மோதுகிறார்கள்.

எங்கிருந்து வந்தது?

டச்சு வீரர்கள் கொண்டுவந்தார்கள், இங்கிலாந்து நெசவாளர்கள் கொண்டுவந்தார்கள், ராணுவத்தின் பீரங்கிக் குண்டுகளைத் திருடி ஆடியதில் தொடங்கியது என்று கதைகள் பல. எதற்கும் உறுதியான ஆதாரம் இல்லை.

கவனிக்க வேண்டியது இன்னொன்று. அர்மா இருப்பது பிரிட்டனின் பகுதியான வடக்கு அயர்லாந்தில். கார்க் இருப்பது அயர்லாந்துக் குடியரசின் தெற்கில். நடுவில் ஒரு நாட்டின் எல்லையே இருக்கிறது. ஆனால் 1954-ல் தொடங்கிய 'போல் கூமன் நா ஹேரன்' என்ற ஒரே சங்கம்தான் ரெண்டு பக்கத்துக்கும். அகில அயர்லாந்து சாம்பியன் யார் என்பதும் பெரும்பாலும் அர்மாவா, கார்க்கா என்ற கேள்விதான்.

சரி, பிரச்னை என்ன?

ரோடு யாருக்குச் சொந்தம் என்பதுதான். பொது ரோட்டில் பந்து வீசியதற்காக ஆட்களைக் கோர்ட்டுக்கு இழுத்து அபராதம் போட்ட காலம் உண்டு. இன்று போலீஸைவிடப் பெரிய எதிரி டிராஃபிக். கார்கள் பெருகப் பெருக, ஆட அமைதியான ரோடு தேட வேண்டியிருக்கிறது. 800 கிராம் இரும்பு ரோட்டில் பறக்கும்போது பார்வையாளர்கள் அதன் பாதையிலேயே நிற்பதால், பாதுகாப்புக் கேள்வியும் எழுகிறது. இன்னொரு பக்கம் பந்தயப் பணம். வீரர்களுக்குப் பின்னால் ஆதரவாளர்கள் பணம் கட்டுவதும், ஒவ்வொரு வீச்சுக்கும் பெட் மாறுவதும் இந்த விளையாட்டோடு கூடவே வளர்ந்த பழக்கம்.

'அப்போ தனியா ஒரு டிராக் போட்டு ஆடலாமே?' என்று தோன்றலாம். அங்கேதான் சிக்கல். இந்த ஆட்டத்தின் திறமை முழுக்க அந்தக் குறிப்பிட்ட ரோட்டின் மேடு பள்ளத்தில் இருக்கிறது. சமதளமான டிராக்கில் ரோடு ஷோவருக்கு வேலையில்லை, லாஃப்டிங்குக்கு வளைவும் இல்லை. பார்க்கிறவர்களும் கேலரியில் உட்காருவதில்லை. வீரர்களோடு சேர்ந்து மூன்று கிலோமீட்டர் நடந்துகொண்டே, அடுத்த பந்தை எங்கே விட வேண்டும் என்று வாதாடுவார்கள்.

அதனால் எப்போதாவது அந்தப் பக்கம் போய், ரோட்டில் புல்லும் கூட்டமும் கண்ணில் பட்டால், ஹாரன் அடிக்காதீங்க. வண்டியை ஓரமா நிறுத்திட்டு இறங்கி நடங்க. டிக்கெட் யாரும் கேட்க மாட்டாங்க!