திரும்பி வந்த எண்பது பூச்சாடிகள்

கண்டியில் பூச்செடி விற்கும் சிறிய கடை ஒன்றை நான் நடத்தத் தொடங்கி இருபது வருடங்களுக்கு மேலாகின்றது. 2007ஆம் ஆண்டு ஒரு ஹோட்டலின் முன்வாசலுக்கென்று ஒரே சிவப்பில், ஒரே உயரத்தில் 80 சாடி இம்பேசியன்ஸ் கேட்டிருந்தார்கள். மொட்டாக இருக்கும்போதே அனுப்பி வைத்தேன். இரண்டு கிழமையில் எண்பதும் திரும்பி வந்தன. சிவப்பு, ரோஸ், வெள்ளை என்று கண்டபடி பூத்திருந்தன. ஒன்று சாண் உயரம், மற்றது முழங்கால் உயரம். "நானா, இது பூவா, மிக்சரா?" என்று கேட்டார் அங்கிருந்த மேற்பார்வையாளர். என்னிடம் பதில் இருக்கவில்லை.

பிழை என்னுடையதுதான். அதற்கு முந்திய தடவை வெளிநாட்டு விதைப் பக்கற் வாங்கி நட்டிருந்தேன். செடிகள் அச்சில் வார்த்தது போல் வந்தன. இனி விதைக்கு ஏன் காசு கொடுக்க வேண்டும் என்று நினைத்து, அந்தச் செடிகளில் காய்த்த விதையையே அடுத்த முறை போட்டேன். பக்கற்றில் 'எஃப் 1' என்று அச்சிட்டிருந்ததை நான் பொருட்படுத்தவேயில்லை.

எஃப் 1 என்பது வேறுபட்ட இரண்டு தூய வர்க்கங்களைக் கலந்து பெறும் முதலாம் தலைமுறை. அந்தத் தலைமுறை மட்டும்தான் ஒரே மாதிரி இருக்கும். அதிலிருந்து விதை எடுத்தால் உள்ளே மறைந்திருந்த குணங்களெல்லாம் பிரிந்து வெளிவரும். ஒரேயொரு பரம்பரையலகில் பெற்றோர் வேறுபட்டிருந்தாலே நான்கில் ஒரு செடி வேறாக வரும். நிறம், உயரம், கிளை என்று பல சேரும்போது கேட்கவே வேண்டாம். விதை விற்கும் கம்பனிக்கு இது இயற்கை கொடுத்த பூட்டு. வாங்கியவன் அடுத்த வருடமும் அவர்களிடமே வரவேண்டும். சாவி என்னவென்றால் அந்த இரண்டு பெற்றோர் வர்க்கங்கள். அவற்றை எவருக்கும் விற்கமாட்டார்கள்.

நட்டப்பட்ட பிறகுதான் இந்தத் தொழிலைப் பற்றித் தேடித் தேடி வாசித்தேன். எமது முற்றங்களில் நிழலில் பூக்கும் இந்த இம்பேசியன்ஸ், காசித்தும்பைக்கு நெருங்கிய உறவு. சொந்த ஊர் கிழக்கு ஆபிரிக்கா. 1882இல் ஹூக்கர் என்ற ஆங்கிலேயத் தாவரவியலாளர் சன்சிபார் சுல்தானின் நினைவாக இதற்கு 'சுல்தானி' என்றே பெயர் வைத்தார். பின்னர் அது 'வாலேரியானா' ஆகிவிட்டது.

இதை உலகச் சந்தைச் சரக்காக மாற்றியவர்களில் முக்கியமானவர் குளோட் ஹோப் என்ற அமெரிக்கர். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் குயினைன் தரும் சிங்கோனாத் திட்டத்துக்காகக் கொஸ்டாரிக்கா அனுப்பப்பட்ட அவர், பின்னர் அங்கேயே விதைப் பண்ணை அமைத்தார். அந்த நாட்டில் தெருவோரக் களையாக வளர்ந்த இம்பேசியன்ஸை வருடக்கணக்காகத் தெரிந்தெடுத்துக் கலந்து, 1960களின் பிற்பகுதியில் 'எல்ஃபின்' என்ற குட்டை ரகத்தை வெளியிட்டார்.

வேலை முழுவதும் கைவேலை. இந்தப் பூவில் மகரந்தக்கூடுகள் ஒன்றாக ஒட்டி, பெண் பாகத்தின் மேல் தொப்பி போல் கவிந்திருக்கும். மகரந்தம் உதிரும் முன்னர் அந்தத் தொப்பியைக் கழற்றிவிட்டு மற்ற வர்க்கத்தின் மகரந்தத்தைத் தொட்டு வைக்க வேண்டும். பூப் பூவாக இதைச் செய்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். காய் முற்றினால் தொட்டவுடன் வெடித்து விதை தெறித்துவிடும். இம்பேசியன்ஸ் என்ற சொல்லுக்கே பொறுமையில்லாதது என்றுதான் பொருள். ஒரு கிராமில் ஆயிரத்துக்கும் அதிகமான விதைகள் இருக்கும் என்றால் தூசு போன்ற அந்தச் சரக்கின் விலை ஏன் அப்படி என்று விளங்கும். அந்தப் பக்கற்றின் விலையை நானும் கூடுதல் என்று திட்டியவன்தான்.

இந்தத் தொழிலிலும் ஆபத்து இருக்கிறது. டவுனி மில்டியூ எனும் நோய் 2011, 2012 ஆண்டுகளில் அமெரிக்கத் தோட்டங்களில் பரவியது. இலையின் அடிப்புறம் வெள்ளை படர்ந்து, இலையும் பூவும் கொட்டி, தண்டு மட்டும் நின்றது. ஐரோப்பாவிலும் அதே கதை. ஒரே இனத்தை நம்பியிருந்த பண்ணைக்காரர் பலர் அதைக் கைவிட்டார்கள். நோயைத் தாங்கும் 'இமாரா', 'பீக்கன்' ரகங்கள் சந்தையை எட்ட 2020 அளவாகிவிட்டது.

ஜப்பானின் சகாட்டா கம்பனி வேறு வழியில் போனது. இந்தோனேசியாவில் கிடைத்த காட்டு இம்பேசியன்ஸைப் பயன்படுத்தி, வெயிலில் தாக்குப்பிடிக்கும் 'சன்பேஷியன்ஸ்' ரகத்தை 2006இல் வெளியிட்டது. இதிலே எனக்குப் பிடித்தது, விற்பனை வருமானத்தில் ஒரு பங்கு இந்தோனேசிய அரசுக்குச் சேரும்படி ஒப்பந்தம் செய்யப்பட்டிருப்பது. மூலச் செடி உன்னுடையது என்றால் இலாபத்திலும் உனக்குப் பங்கு என்ற கணக்கு. வியாபாரிக்கு இதைவிட நேரான கணக்கு கிடையாது.

எமது நாட்டுக்கே உரிய இம்பேசியன்ஸ் வகைகளும் பல உண்டு. அவற்றில் 'ரெப்பென்ஸ்' என்பது தரையில் படரும் மஞ்சள் பூச்செடி. வெளிநாட்டுச் செடிப் பிரியர்கள் அதைச் சாடியில் தொங்கவிட்டு வளர்க்கிறார்கள். வாலேரியானாவில் இயல்பாக மஞ்சள் கிடையாது. சிந்தித்துப் பாருங்கள். அதற்காகக் காட்டில் பிடுங்கி வரச் சொல்லவில்லை. அது சட்டத்துக்கும் விரோதம், செடிக்கும் கேடு. உரிய அனுமதியோடு ஆராய்ச்சியாளர்கள் செய்ய வேண்டிய வேலை அது. முதல் போட எங்களைப் போன்றவர்கள் முன்வரலாம்.

நான் தொடங்கியது மிகச் சிறிதாக. திரும்பி வந்த எண்பதில் குட்டையாக, கடும் சிவப்பாக இருந்த மூன்றை வைத்துக்கொண்டேன். சில வருடம் தண்டு நறுக்கி நட்டே விற்றேன். பின்னர் ஒரு செடியின் பூவை அதன் மகரந்தத்தாலேயே சேர்த்து விதை எடுத்தேன். ஒவ்வொரு தலைமுறையிலும் கலப்பு பாதியாகக் குறையும். ஆறு தலைமுறை சென்றால் ஆரம்பக் கலப்பில் நூற்றுக்கு இரண்டு வீதம்கூட மிஞ்சாது. இடையில் ஒரு மழைக்காலத்தில் தண்டு அழுகி முழு வரிசையும் போய், முதலிலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று. இப்போது ஐந்தாம் தலைமுறை மேசையில் நிற்கிறது. காய் வெடித்துப் போகாமலிருக்க என் மனைவி நுளம்பு வலையில் சின்னச் சின்னப் பைகள் தைத்துத் தந்திருக்கிறார். அந்த ஹோட்டலிலிருந்து இன்னும் ஓர்டர் வரவில்லை.