மாயச் சீட்டுப் போர்: சிறுவர்கள் ஆடலாமா?

2012-ம் ஆண்டு மே மாதம் 5-ந் தேதி. ஜப்பானில் அன்று குழந்தைகள் தினம். வீடுகளில் மீன் வடிவக் கொடிகள் காற்றில் ஆடிக்கொண்டிருந்தன.

அன்று "யோமியூரி" பத்திரிகையில் ஒரு செய்தி வந்தது. செல்போன் சீட்டு விளையாட்டில் நடக்கும் ஒரு வகைக் குலுக்கல் சட்டத்துக்கு விரோதம் என்று அரசாங்கம் கருதுகிறது என்பதே அந்தச் செய்தி.

திங்கட்கிழமை பங்கு மார்க்கெட் திறந்தது. "கிரீ", "டி.என்.ஏ." என்ற இரண்டு பெரிய விளையாட்டுக் கம்பெனிகளின் பங்கு விலை, ஒரே நாளில் ஐந்தில் ஒரு பங்கு சரிந்தது!

சிறுவர் விளையாட்டுக்கு இத்தனை பணமா?

பூதமும் தேவதையும்

இது ரம்மி அல்ல. ராஜா, ராணி கிடையாது. ஒரு சீட்டில் பூதம் இருக்கும். இன்னொன்றில் வாள் ஏந்திய வீரன். மற்றொன்றில் நெருப்பைக் கக்கும் டிராகன். ஒவ்வொரு சீட்டுக்கும் ஒரு பலம் உண்டு. சீட்டுகளைப் படையாக அடுக்கி, எங்கோ இருக்கும் எதிராளியின் படையோடு மோதவேண்டும்.

2010-ம் ஆண்டில் "டிராகன் கலெக்ஷன்" வந்தது. 2011-ல் "பஹமுட்" வந்தது. ஜப்பானியர்கள் ரெயிலில் போகும்போதும் ஆடினார்கள்.

பூதத்தைப் பார்த்துப் பிள்ளை கெட்டுவிடுமோ என்று பெற்றோர்கள் பயப்பட வேண்டாம். பாட்டி கதையில் வராத பூதமா? சில சீட்டுகளில் பெண் உருவங்களுக்கு உடை குறைவு. பாட்டி கதையில் அது இல்லை! பெற்றோர்கள் முதலில் ஒரு முறை பார்த்துவிட்டுக் கொடுப்பது நல்லது.

சீட்டுப் போரில் நன்மையும் உண்டு. 1993-ல் "மாஜிக்" என்ற காகிதச் சீட்டுப் போரை உருவாக்கிய அமெரிக்கர் ரிச்சர்டு கார்பீல்டு, ஒரு கணிதப் பேராசிரியர். எந்தச் சீட்டை இறக்குவது, எதைக் கையில் வைத்துக்கொள்வது என்று யோசிக்கும் சிறுவனுக்குக் கணக்குத் தானாக வரும்.

ஆனால் ஜப்பானில் அப்போது பரவிய செல்போன் விளையாட்டுகள் பலவற்றில் யோசிக்க அதிக வேலை இல்லை. பொத்தானைத் தொட்டால் போதும், சண்டை தானே நடந்துவிடும். பலமான சீட்டு வைத்திருப்பவன் ஜெயிப்பான்.

பலமான சீட்டுக்கு எங்கே போவது? அங்கேதான் சங்கதி இருக்கிறது.

கடைசிச் சீட்டு

ஜப்பானில் கடை வாசல்களில் ஒரு பெட்டி இருக்கும். காசு போட்டுத் திருகினால் ஓர் உருண்டை விழும். உள்ளே ஒரு பொம்மை. எந்தப் பொம்மை என்று முன்கூட்டித் தெரியாது. அந்தப் பெட்டியின் பெயரை வைத்தே செல்போன் குலுக்கலையும் "கச்சா" என்கிறார்கள். பணம் கட்டினால் ஒரு சீட்டு விழும். அது நல்லதோ, சொத்தையோ! ஒரு தடவைக்கு 300 யென் வாங்குவது வழக்கம்.

இதிலும் கொடியது "முழுத்தொகுதிக் குலுக்கல்". குறிப்பிட்ட சீட்டுகள் அத்தனையும் சேர்த்தால், வேறு வழியில் கிடைக்காத ஓர் அபூர்வச் சீட்டு பரிசு!

பத்துச் சீட்டு சேர்க்கவேண்டும் என்று வைத்துக்கொள்வோம். பத்தும் சம வாய்ப்பில் விழுகின்றன. முதல் ஐந்து சுலபமாக வந்துவிடும். ஏழு, எட்டு வந்தபிறகு, ஏற்கனவே இருப்பதே திரும்பத் திரும்ப விழும். கடைசி ஒரு சீட்டுக்கு மட்டும் சராசரியாகப் பத்துக் குலுக்கல் வேண்டும். மொத்தம் சராசரி 29 குலுக்கல். அதாவது 8,700 யென். அதிர்ஷ்டம் இல்லாதவனுக்கு அதைப்போல இரு மடங்கும் ஆகலாம்.

"இன்னும் ஒன்றுதானே" என்று சிறுவன் நினைப்பான். பெரியவர்களே அப்படித்தான் நினைத்தார்கள்.

இது புதுத் தந்திரமும் அல்ல. 1950-ம் ஆண்டுகளின் தொடக்கத்தில் ஜப்பானில் மிட்டாய்ப் பொட்டலத்துக்குள் பேஸ்பால் வீரர் படம் வைத்து விற்றார்கள். எல்லாப் படங்களும் சேர்த்தால் பரிசு. பிள்ளைகள் படத்துக்காகவே மிட்டாய் வாங்கினார்கள். இப்படிப் பலவகைப் படங்களைச் சேர்க்கச் சொல்லிப் பரிசு தருவதை, 1977-ம் ஆண்டு அறிவிப்பு ஒன்று தடை செய்கிறது. மிட்டாய் போய்ச் செல்போன் வந்தபோது, அந்தப் பழைய விதிதான் கைகொடுத்தது.

2012 மே 9-ந் தேதி, ஆறு கம்பெனிகள் இந்தக் குலுக்கலை நிறுத்துவதாக அறிவித்தன. மே 18-ந் தேதி, அது தடைக்கு உட்பட்டது என்று நுகர்வோர் இலாகா சொன்னது. ஜூலை 1-ந் தேதி முதல் அது அமலுக்கு வந்தது.

வயதைக் கேட்டால்...

15 வயது வரை மாதம் 5,000 யென், 19 வயது வரை 10,000 யென் என்று கிரீயும் டி.என்.ஏ.வும் உச்சவரம்பு வைத்தன. ஆனால் வயதைச் சொல்வது சிறுவன்தானே! அப்பாவின் செல்போனில் ஆடினால் அவன் 40 வயதுக்காரன்.

பெரியவர்களும் தப்பவில்லை. 2016-ம் ஆண்டின் தொடக்கத்தில் "கிரான்புளூ பேண்டஸி" என்ற விளையாட்டில் ஒரே ஓர் உருவத்துக்காக, ஓர் ஆட்டக்காரர் 2,000 தடவைக்கு மேல் குலுக்கினார். பெரிய கூச்சல் எழுந்தது. அதன் பிறகு 300 குலுக்கலுக்குள் வராவிட்டால், விரும்பியதைக் கேட்டு வாங்கலாம் என்று அங்கே ஏற்பாடு வந்தது. 300 குலுக்கல் என்றால் 90,000 யென்!

அதே 2016-ல் கார்பீல்டு ஓர் அறிக்கை எழுதினார். கைவிட முடியாமல் ஆடும் சிலரிடம் அளவில்லாமல் பணம் கறக்கும் விளையாட்டுகளைக் கண்டித்தார். அவருடைய "மாஜிக்" பொட்டலத்திலும் என்ன சீட்டு இருக்கும் என்று வாங்குபவருக்குத் தெரியாது என்பது வேறு விஷயம்.

ஆகவே பெற்றோர்கள் பார்க்கவேண்டியது பூதத்தை அல்ல, குலுக்கல் பொத்தானை. பணம் கட்டாமல் ஆடி ஜெயிக்க முடிகிறதா? சீட்டு விழும் வாய்ப்பு எத்தனை சதவிகிதம் என்று எழுதியிருக்கிறதா? இரண்டும் இல்லாத விளையாட்டைச் சிறுவன் கையில் கொடுக்கலாகாது. செல்போனில் பணம் கட்டும் வழிக்கு ரகசிய எண் போட்டுப் பூட்டலாம். அந்த எண் பிள்ளையின் பிறந்த நாளாக இருக்கக்கூடாது. அதைத்தான் அவன் முதலில் போட்டுப் பார்ப்பான்.

ஜப்பானில் வயது வராதவர் பெற்றோர் சம்மதம் இல்லாமல் செய்த செலவை ரத்து செய்யக் கேட்கலாம். வயதைப் பற்றிப் பொய் சொல்லி ஏமாற்றியிருந்தால் அந்த உரிமை போய்விடும். முன்பு 20 வயது வரை இந்தப் பாதுகாப்பு இருந்தது. 2022-ம் ஆண்டு ஏப்ரல் 1-ந் தேதி முதல் அது 18 ஆகக் குறைந்துவிட்டது. அங்கே பள்ளிக்கூடத்தின் கடைசி வகுப்பில் படிக்கும் 18 வயதுப் பையன், இரவில் போர்வைக்குள் எத்தனை குலுக்கல் குலுக்கினாலும், பில் அவன் பெயரில்தான்.