வெளிச்சம் காத்திருக்காது!

லண்டன் நேஷனல் கேலரியில் சின்னதாக ஓர் எண்ணெய் வண்ண ஓவியம் இருக்கிறது. பிரான்ஸின் த்ரூவில் கடற்கரையில் இரண்டு பெண்கள் உட்கார்ந்திருக்கும் காட்சி. 1870-ல் அதை வரைந்தவர் கிளாட் மோனே. அந்த வண்ணப் பூச்சை ஆராய்ந்தபோது, உள்ளே கடல் மணலும் கிளிஞ்சல் துணுக்குகளும் ஒட்டியிருந்தது தெரிந்தது. கடற்கரையிலேயே உட்கார்ந்து வரைந்த படம் என்பதற்கு வேறென்ன சாட்சி வேண்டும்?

'வெயிலிலும் காற்றிலும் நின்று வரைந்தவர்' என்பதுதான் மோனேவின் அடையாளம். ஆனால், அது பாதிக் கதைதான். மீதிக் கதை ஸ்டூடியோவின் நான்கு சுவர்களுக்குள் நடந்தது.

ட்யூப் தந்த சுதந்திரம்

ஒரு காலத்தில் ஓவியர்கள் வண்ணப்பொடியை எண்ணெயில் குழைத்து, பன்றியின் சிறுநீர்ப்பையில் கட்டி வைப்பார்கள். ஒரு முறை குத்தித் திறந்தால் திரும்ப மூடுவது கஷ்டம். அதைத் தூக்கிக்கொண்டு வயல்வெளிக்குப் போவது எப்படி? 1841-ல் ஜான் கோஃப் ரேண்ட் என்ற அமெரிக்க ஓவியர் வெள்ளீய ட்யூபைக் கண்டுபிடித்தார். அப்போது மோனேவுக்கு ஒரு வயதுகூட முழுதாக ஆகவில்லை. அந்த ட்யூபுதான் பின்னாளில் அவரை வீட்டைவிட்டு வெளியே அனுப்பியது. பதின்வயதில் லு ஹாவ்ர் நகரில், யூஜின் பூதான் என்ற மூத்த ஓவியர் அவரைத் திறந்தவெளிக்கு அழைத்துப்போய் வரையப் பழக்கினார்.

வெளியே போனால் சிரமம் சும்மா விடுமா? 1866-ல் 'தோட்டத்தில் பெண்கள்' ஓவியத்துக்காக அவர் எடுத்துக்கொண்ட கேன்வாஸ் இரண்டரை மீட்டர் உயரம். மேல்பகுதி எட்டவில்லை. தோட்டத்தில் பள்ளம் வெட்டி, கேன்வாஸை உள்ளே இறக்கி வரைந்தார். இவ்வளவு பாடுபட்ட படத்தை 1867-ல் பாரிஸ் அரசுக் கண்காட்சிக் குழு நிராகரித்துவிட்டது. 1885-ல் எத்ரெத்தா கடற்கரையில் வேலையில் மூழ்கியிருந்தவரை ஒரு பெரிய அலை தூக்கிப் பாறையில் அடித்தது. உயிர் தப்பியதே பெரிய விஷயம். வரைந்த படமும் கருவிகளும் கடலோடு போயின.

நேரத்துக்கு ஒரு கேன்வாஸ்

அலையைவிடப் பெரிய எதிரி ஒன்று இருந்தது. வெளிச்சம்! அது நிமிடங்களில் மாறிவிடும். எண்ணெய் வண்ணமோ தண்ணீர் வண்ணம்போல ஆவியாகி உலராது. காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து மெள்ள இறுக வேண்டும். மெல்லிய பூச்சுக்கே சில நாள்கள்; கெட்டியாகப் பூசினால் வாரக்கணக்கு. ஈரத்தின் மேல் ஈரம் பட்டால் நிறங்கள் கலங்கிவிடும்.

இதற்கு மோனே கண்ட வழி எளிமையானது. காலைக்கு ஒரு கேன்வாஸ், உச்சி வெயிலுக்கு ஒன்று, அந்திக்கு ஒன்று. வெளிச்சம் மாறியதும் கையிலிருப்பதை வைத்துவிட்டு அடுத்ததை எடுப்பார். மறுநாள் அதே வெளிச்சம் வந்தால் பழையது திரும்பவும் கைக்கு வரும். 1890-ல் ஜிவெர்னி கிராமத்தில், வீட்டருகே இருந்த கோதுமைக் கதிர்ப் போர்களை இப்படித்தான் வரைந்தார். துணைவி ஆலிஸின் மகள் பிளான்ஷ் கேன்வாஸ்களைச் சுமந்துவந்து உதவினார். 1892, 1893 ஆண்டுகளில் ருவான் தேவாலயத்தை எதிர்வீட்டு ஜன்னல் வழியே முப்பதுக்கும் மேற்பட்ட முறை வரைந்தார். தேவாலயம் தன்மேல் இடிந்து விழுவதாகக் கனவே வந்துவிட்டது!

அத்தனையும் வெளியிலேயே முடிந்தவை அல்ல. எல்லாவற்றையும் ஜிவெர்னி ஸ்டூடியோவுக்குக் கொண்டுவந்து, பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டு, மாதக்கணக்கில் திருத்தினார். வெளியே கண் பார்த்ததை, உள்ளே மனம் சரிபார்த்தது. பிடிக்காதவற்றைத் தானே அழித்தும் இருக்கிறார்.

கண் மங்கிய பிறகு...

1912-ல் இரண்டு கண்களிலும் புரை என்றார்கள் மருத்துவர்கள். வெளிச்சத்தை நம்பி வாழ்ந்தவருக்கு இதைவிடக் கொடுமை உண்டா? நிறங்கள் கலங்கின. ட்யூபில் ஒட்டிய பெயரைப் பார்த்தும், தட்டில் வண்ணங்களை வைத்த வரிசையை நம்பியும் வேலை செய்தார். உச்சி வெயில் கண்ணுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. 1923-ல், 82 வயதில், வலது கண்ணில் அறுவை சிகிச்சை. அதன்பின் எல்லாமே நீலமாகத் தெரிகிறது என்று தவித்தார். நிறக் கண்ணாடி போட்டுக்கொண்டு தூரிகையை எடுத்தார்.

இந்தப் போராட்டத்துக்கு நடுவேதான் தன் ஆயுளின் மிகப் பெரிய வேலையைச் செய்தார். முதல் உலகப்போர் காலத்தில் அதற்கென்றே பிரமாண்டமான ஸ்டூடியோ கட்டினார். இரண்டு மீட்டர் உயரக் கேன்வாஸ்களைச் சுற்றிலும் நிறுத்தி, தன் தோட்டத்து அல்லிக்குளத்தை அதற்குள் கொண்டுவந்தார். 1918-ல் போர் முடிந்ததும் அவற்றை நாட்டுக்குத் தர முன்வந்தார். ஆனாலும் கையைவிட்டு அனுப்ப மனம் வராமல், கடைசிவரை திருத்திக்கொண்டே இருந்தார்.

1926 டிசம்பரில் மோனே மறைந்தார். அடுத்த ஆண்டு பாரிஸின் ஒராஞ்செரி அருங்காட்சியகத்தில், இரண்டு நீள்வட்டக் கூடங்களில் அந்த ஓவியங்கள் மக்கள் பார்வைக்கு வந்தன. உள்ளே நின்றால், சுற்றிலும் குளமும் வானமும்தான். வாழ்நாளெல்லாம் ஒரு மனிதர் வெளியில் நின்று பார்த்த வெளிச்சம், அங்கே அறைக்குள் நிலைத்திருக்கிறது.