கடல் கடந்து வந்த மிதிப்பெட்டி

மின்சாரம் உலகெங்கும் ஒன்றே என்று நாம் எண்ணுகிறோம். இயல்பு ஒன்றுதான், ஆனால் வீட்டுக்குள் அது நுழைகின்ற கோலம் நாட்டுக்கு நாடு வேறு. நம் நாட்டு வீடுகளுக்கு வரும் மின்சாரத்தின் அழுத்தம் 230 வோல்ட்டு. அது நொடிக்கு 50 முறை அலைகிறது. அமெரிக்காவிலோ அழுத்தம் 120 வோல்ட்டு, அலைவு 60 முறை. ஜப்பானில் 100 வோல்ட்டு. அந்த ஒரே நாட்டிலும் கிழக்குப் பகுதியில் 50, மேற்குப் பகுதியில் 60 என்று அலைவெண் இரண்டாகப் பிரிந்து நிற்கிறது. ஓர் ஊரின் இயந்திரம் மற்றோர் ஊரில் வேலை செய்ய வேண்டுமானால் இவ்வேற்றுமையைக் கடந்தாக வேண்டும். எவ்வாறு கடப்பது என்பதை ஒரு சிறு கருவியைக் கொண்டு விளக்க விரும்புகிறேன்.

மின்கிதார் வாசிப்போரின் காலடியில் சிறு உலோகப் பெட்டிகள் கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். பெடல் என்று அவற்றைச் சொல்வர். காலால் மிதித்தால் கிதாரின் நாதம் கரகரப்பாகும். அல்லது அலைபோல் அசையும். அல்லது மலையிடுக்கில் கூவினாற்போல் எதிரொலிக்கும். 1968-ல் நியூயார்க் நகரில் மைக் மாத்யூஸ் என்பவர் தொடங்கிய எலக்ட்ரோ-ஹார்மோனிக்ஸ் நிறுவனம், 1970-களில் டீலக்ஸ் மெமரி மேன் என்னும் எதிரொலிப் பெட்டியைச் செய்தது. பழைய மெமரி மேன் பெட்டிகளில் மின்கம்பி பெட்டியோடு சேர்ந்தே இருக்கும். அதை நேரே சுவரில் செருக வேண்டும். அமெரிக்கச் சந்தைக்கென்று செய்யப்பட்டவை 120 வோல்ட்டுக்கே உரியவை. அத்தகைய பெட்டி ஒன்று நம் ஊருக்கு வந்து சேர்ந்தால், அதை எப்படி இயக்குவது?

முதலில் பெட்டியின் உட்புறத்தை நோக்குவோம். ஒலியை மாற்றுகின்ற நுண்ணிய உறுப்புகளுக்கு 120 வோல்ட்டும் வேண்டுவதில்லை, 230-உம் வேண்டுவதில்லை. பத்து இருபது வோல்ட்டு நேர்மின்னோட்டமே போதும். சுவர் மின்சாரத்துக்கும் அவற்றுக்கும் இடையே வாயிற்காப்போன் போல் நிற்பது மின்மாற்றி, அதாவது டிரான்ஸ்பார்மர். இரும்பு உள்ளகம் ஒன்றின்மேல் இரண்டு செப்புக் கம்பிச் சுருள்கள். முதற்சுருளில் மாறுதிசை மின்னோட்டம் பாய, இரும்பில் காந்தப் புலம் எழுந்தெழுந்து மாறுகிறது. அம்மாற்றம் துணைச்சுருளில் மின்னழுத்தத்தைத் தூண்டுகிறது. 1831-ல் மைக்கேல் ஃபாரடே கண்ட உண்மை இது. முதற்சுருளில் 1,000 சுற்றும் துணைச்சுருளில் 100 சுற்றும் இருந்தால், 120 வோல்ட்டு 12 வோல்ட்டாகக் குறையும். இரு சுருள்களையும் எந்தக் கம்பியும் இணைப்பதில்லை. காந்தமே தூது செல்கிறது. இச்செய்தியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். உயிரைக் காப்பது இதுவே.

இப்பெட்டியை அப்படியே 230 வோல்ட்டில் செருகினால் என்ன ஆகும்? 12 வோல்ட்டு வரவேண்டிய இடத்தில் 23 வோல்ட்டு வரும் என்று விகிதக் கணக்குச் சொல்லும். ஆனால் அதற்கு முன்பே வேறொரு தீங்கு நேர்ந்துவிடும். இரும்பு தாங்க வேண்டிய காந்தத்தின் அளவு, அழுத்தத்தை அலைவெண்ணால் வகுத்துக் கிடைக்கும் ஈவுக்கேற்ப அமையும். அமெரிக்காவில் 120-ஐ 60-ஆல் வகுத்தால் 2. இங்கே 230-ஐ 50-ஆல் வகுத்தால் 4.6. இரும்பு இரண்டே கால் மடங்குக்கும் மேற்பட்ட சுமையைத் தாங்க நேர்கிறது. அது தெவிட்டிப் போகும். தெவிட்டியபின் முதற்சுருளில் மின்னோட்டம் கட்டுக்கடங்காமல் பெருகும். பியூஸ் இருந்தால் அது எரிந்து போகும்; இல்லையேல் சுருளே எரியும்.

ஆதலின் வழிகள் மூன்று. முதலாவது, வெளியே ஓர் இறக்கு மின்மாற்றியை வைத்து 230-ஐ 120 ஆக்கிக் கொடுப்பது. பெட்டியைத் திறக்கவே வேண்டாம். அழுத்தம் சரியாகுமேயன்றி அலைவெண் 50-ஆகவே இருக்கும்; 120-ஐ 50-ஆல் வகுத்தால் 2.4. அதாவது ஐந்தில் ஒரு பங்கு கூடுதல் சுமை. பெரும்பாலான மின்மாற்றிகள் இதைப் பொறுத்துக்கொள்ளும். சிக்கனமாகச் செய்யப்பட்டவை சற்றுச் சூடேறி முனகும். எதிரொலியின் கால அளவை மெமரி மேன் தன் உள்ளிருக்கும் துடிப்பைக் கொண்டே அளப்பதால் அதில் மாறுதல் இராது. சுவர் மின்சாரத்தின் அலைவைக் கொண்டே சுழலும் மோட்டார் உள்ள நாடா எதிரொலிக் கருவியாயின், வேகம் ஆறில் ஐந்து பங்காகத் தளர்ந்துவிடும்.

இரண்டாவது வழி, மின்மாற்றியில் 120 வோல்ட்டு முதற்சுருள்கள் இரண்டு இருந்தால் மட்டுமே இயலும். அமெரிக்காவில் அவை பக்க இணைப்பில் இருக்கும். அவற்றைத் தொடர் இணைப்பாக மாற்றினால் 230 வோல்ட்டு இரண்டாகப் பங்கிடப்பட்டு, சுருளுக்கு 115 வந்து சேரும். தொடக்கமும் முடிவும் தலைகீழாகிவிடக் கூடாது. ஆனால் இரு சுருள்களின் காந்தமும் ஒன்றையொன்று அழித்து, மின்தடையே இல்லாத கம்பிபோல் அது நடந்துகொள்ளும்.

மூன்றாவது, பழைய மின்மாற்றியை எடுத்துவிட்டு, அதே துணை அழுத்தமும் அதே ஆற்றலும் கொண்ட 230 வோல்ட்டு மின்மாற்றியைப் பொருத்துவது. பெட்டியின் மற்ற உறுப்புகள் எந்த நாட்டுக்கு வந்தோம் என்பதை அறியவே மாட்டா. பின்னிரண்டு வழிகளிலும் பியூஸையும் மாற்றுதல் வேண்டும். 12 வாட்டு இழுக்கும் கருவிக்கு 120 வோல்ட்டில் 0.1 ஆம்பியர் தேவை. 230 வோல்ட்டில் ஏறத்தாழ 0.05 போதும். பழைய பியூஸை விட்டுவைத்தால், காவலன் பாதி உறக்கத்தில் இருப்பது போலாகும்.

மின்மாற்றியையே நீக்கிவிட்டு, மின்தடையாலோ மின்தேக்கியாலோ அழுத்தத்தைக் குறைத்துவிடலாம் என்று சிலர் எண்ணுவர். செலவு குறைவுதான், ஆனால் விலை உயிராகலாம். மின்கிதாரின் உலோகத் தந்திகள் இணைப்புக் கம்பியின் வழியே பெட்டியின் உலோக உடலோடு சேர்ந்திருப்பவை. மின்மாற்றி இல்லையேல், சுவர் மின்சாரம் வாசிப்பவர் விரலுக்கே வந்து சேரும். 1972-ல் வேல்ஸ் நாட்டு ஸ்வான்சி நகரில், ஸ்டோன் த குரோஸ் குழுவின் கிதார் கலைஞர் லெஸ்லி ஹார்வி, நிலத்தொடர்பு சரியில்லாத ஒலிவாங்கியைத் தொட்டு மேடையிலேயே மின்சாரம் தாக்கி இறந்தார். ஆகவே பழைய இருமுனைக் கம்பியை அகற்றி, எர்த் எனப்படும் நிலத்தொடர்புள்ள மூன்று கம்பி வடத்தைப் பொருத்தி, எர்த் கம்பியை உலோகப் பெட்டியோடு உறுதியாக இணைப்பது இன்றியமையாதது.

நிறத்திலும் எச்சரிக்கை தேவை. அமெரிக்க வழக்கில் கறுப்புக் கம்பி மின்னேற்றமுள்ளது. வெள்ளை நடுநிலைக் கம்பி. நம் வீட்டுச் சுவர்களின் பழைய வழக்கிலோ சிவப்பு மின்னேற்றமுள்ளது, கறுப்பே நடுநிலை. நிறத்தை நம்பிக் கை வைப்பவன் ஏமாறுவான். சோதித்துப் பார்த்தவனே தப்புவான்.

வேலை முடிந்தபின், பழுது பார்ப்போர் சீரீஸ் லாம்ப் என்று வழங்கும் இழை விளக்கைத் தொடராக இணைத்து முதற்சோதனை செய்வர். விளக்கு பளிச்சென்று நிலையாக எரிந்தால் உள்ளே பிழை உண்டு. மங்கி அடங்கினால் அச்சமில்லை. இவ்வேலைகளை, செருகியை உருவி மின்தேக்கிகள் வடிந்தபின், பயின்ற மின்பணியாளர் செய்வதே முறை. மாணவர்களாகிய நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றுண்டு: வெளிநாட்டிலிருந்து எந்தக் கருவி வந்தாலும், அதன் முதுகிலுள்ள சீட்டைப் படியுங்கள். 100 முதல் 240 வோல்ட்டு வரை, 50 அல்லது 60 என்று இருந்தால் கவலையில்லை. 120 வோல்ட்டு மட்டும் என்றிருந்தால், காகிதமும் எழுதுகோலும் எடுத்து, 230-ஐ 50-ஆல் ஒருமுறை வகுத்துப் பாருங்கள். செருகியைச் சுவரிடம் கொண்டு செல்வது அதற்குப் பிறகு இருக்கட்டும்.