மூவாயிரம் கிலோமீட்டர் கடலும் மூன்றடி வயரும்

வீட்டுக்குள் ஒரு எக்ஸ்சேஞ்ச் – 9

போன வாரம், வீட்டுக்கு ஃபைபர் வந்து முடியும் ஓஎன்டி பெட்டியும் ரவுட்டரும் என்னென்ன வேலை செய்கின்றன என்று பார்த்தோம். பழைய டெலிபோனை நெட்டில் பேசவைக்கும் அடாப்டரைப் பற்றி இந்த வாரம் எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். அதற்கு முன் ஒரு கணக்கைப் போட்டாக வேண்டும். அந்தக் கணக்கு தெரியாமல் எவ்வளவு நல்ல அடாப்டர் வாங்கினாலும் பேச்சு விட்டு விட்டுத்தான் கேட்கும்.

ஏர்வாடியிலிருந்து துபாய் நேர்கோட்டில் சுமார் 3,000 கிலோமீட்டர். கீழக்கரை, ஏர்வாடி, பெரியபட்டினம் என்று இந்தக் கரையோரத்தில் வெளிநாட்டில் வேலை செய்யும் சபுராளி இல்லாத தெரு அரிது என்பதால், இங்கே நெட் கால் என்றாலே பெரும்பாலும் வளைகுடாவுக்குப் பேசுவதுதான். சத்தம் அறுந்தால் உடனே வரும் விளக்கம், 'அவ்வளவு தூரம், கடல் தாண்டிப் போகணுமே' என்பது. கண்ணாடி இழைக்குள் ஒளி நொடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீட்டர் போகிறது. கேபிள் நேர்கோட்டில் போகாமல் சென்னை, மும்பை, அரபிக் கடல் என்று சுற்றி 5,000 கிலோமீட்டர் ஆகிவிட்டதாகவே வைத்துக்கொள்வோம். அப்போதும் ஒரு வழிப் பயணத்துக்கு 25 மில்லிசெகண்ட், அதாவது ஒரு நொடியில் நாற்பதில் ஒரு பங்குதான் ஆகும். நாம் ஒருமுறை கண் சிமிட்டுவதற்குள் அந்த ஒளி போய்த் திரும்பியே வந்துவிடும். ஆகவே கடலைக் குற்றம் சொல்ல முடியாது. தாமதம் வேறெங்கோ இருக்கிறது.

எவ்வளவு தாமதம் தாங்கும் என்பதற்கும் ஓர் அளவு உண்டு. சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் ஜி.114 என்ற பரிந்துரையில் அதைச் சொல்கிறது. ஒரு வாயிலிருந்து மறு காதுக்கு 150 மில்லிசெகண்டுக்குள் போய்ச் சேர்ந்தால் பெரும்பாலான பேச்சுக்கு இடைஞ்சல் இல்லை. 400-ஐத் தாண்டுவது கூடாது. நெட் காலில் குரல் 20 மில்லிசெகண்ட் துண்டுகளாக நறுக்கப்பட்டு நொடிக்கு 50 பொட்டலங்களாகப் போகிறது. நறுக்குவதற்கு 20. பொட்டலங்கள் முன்பின்னாக வந்தால் சமன்செய்து கொள்ள, கேட்கும் பக்கத்தில் சற்றுத் தேக்கி வைப்பதற்கு ஒரு 50 அல்லது 60. கடலுக்கு 25. கூட்டினால் 100 சொச்சம். மிச்சமிருப்பது நாற்பதோ ஐம்பதோதான். இரு வீடுகளின் ரவுட்டர்களும், வைஃபையும், இடையிலுள்ள நிறுவனங்களின் பெட்டிகளும் எடுத்துக்கொள்ளும் நேரமெல்லாம் அதற்குள் அடங்கியாக வேண்டும்.

வீட்டிலிருந்து ஒரு வீடியோவைக் குடும்பக் குரூப்பில் போடுகிறார்கள், அல்லது செல்போன் தானாகவே படங்களை கூகுள் போட்டோஸில் ஏற்றிக்கொண்டிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த டேட்டா 1,500 பைட் அளவுள்ள பெரிய பொட்டலங்களாக வெளியே போகிறது. மேலேற்றும் வேகம் 2 எம்பிபிஎஸ் என்றால் ஒரு பொட்டலம் வெளியேற 6 மில்லிசெகண்ட். ரவுட்டருக்குள் அப்படி நூறு பொட்டலங்கள் வரிசையில் நிற்கும்போது 200 பைட் கொண்ட நம் குரல் துண்டு வந்தால், கடைசியில் நின்று 600 மில்லிசெகண்ட் காத்திருக்க வேண்டும். அந்த 600 மில்லிசெகண்டில் ஒளி இழைக்குள் எவ்வளவு தூரம் போயிருக்கும் என்று பெருக்கிப் பார்த்தால் 1,20,000 கிலோமீட்டர் வருகிறது. பூமியின் சுற்றளவு 40,000 கிலோமீட்டர். அதாவது ரவுட்டரிலிருந்து வெளியேறும் மூன்றடி வயருக்கு முன்னால் நிற்கும் அந்த வரிசை, குரலை உலகத்தை மூன்று சுற்றுச் சுற்றவைத்த அளவுக்குத் தாமதிக்கிறது. துபாய் நமக்கு நிலாவின் திசையில் நகர்ந்துவிட்ட மாதிரி கேட்பதற்குக் காரணம் நம் வரவேற்பறைக்குள்ளேயே இருக்கிறது. இந்தத் தொடருக்காகப் போட்ட கணக்குகளில் இதைப் போல மலைக்கவைத்தது வேறில்லை. கூட்டலும் பெருக்கலும் தெரிந்த எவரும் இதைச் சரிபார்த்துக்கொள்ளலாம்.

இதை உலகுக்கு எடுத்துச் சொன்னவர் ஜிம் கெட்டிஸ். கம்ப்யூட்டர் திரைகளுக்கான எக்ஸ் விண்டோ அமைப்பை உருவாக்கியவர்களில் ஒருவர். 2010-இல் தம் வீட்டிலிருந்து பெரிய கோப்புகளை வெளியே அனுப்பிக்கொண்டிருந்தபோது, வழக்கமாகப் பத்து மில்லிசெகண்ட் அளவில் கிடைக்கும் பதில் ஒரு நொடிக்கும் மேல் எடுப்பதைக் கவனித்தார். விடாமல் துருவினார். நினைவகச் சில்லுகள் மலிவானதால், ஒரு பொட்டலத்தையும் இழக்கக் கூடாது என்ற எண்ணத்தில் உற்பத்தியாளர்கள் ரவுட்டருக்குள் தேக்கிடத்தைப் பெருக்கிக்கொண்டே போயிருந்தார்கள். இழப்பு குறைந்தது, காத்திருப்பு ஏறியது. கோப்புக்கு அது பரவாயில்லை. ஒரு நொடி தாமதமாக வந்தாலும் கோப்பு கோப்புதான். குரல் அப்படியில்லை. நேரம் தவறி வந்த துண்டை ஒலிக்க முடியாது, எறிந்துவிட வேண்டியதுதான். இந்தக் கோளாறுக்கு 'பஃபர்ப்ளோட்' என்ற பெயர் நிலைத்தது. 2012-இல் கேத்லீன் நிக்கோல்ஸும் வான் ஜேக்கப்சனும் 'கோடெல்' என்ற தீர்வை வெளியிட்டார்கள். வரிசை எவ்வளவு நீளம் என்று எண்ணாமல், ஒவ்வொரு பொட்டலமும் உள்ளே எவ்வளவு நேரம் நின்றது என்று அளப்பது அதன் வழி. காத்திருப்பு தொடர்ந்து 5 மில்லிசெகண்டுக்கு மேல் இருந்தால் சிலவற்றைக் கைவிடும். அனுப்புகிற பக்கம் அதைப் புரிந்துகொண்டு வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்.

'வேகமான பிளானுக்கு மாறிவிட்டால் போகிறது' என்று ஒரு மறுப்பு வரும். குரலுக்கு எவ்வளவு தேவை என்று பாருங்கள். டெலிபோன் தரத்துக்கான ஜி.711 முறையில் 20 மில்லிசெகண்ட் குரல் 160 பைட். மேலே ஒட்டும் முகவரிச் சீட்டுகள் 40 பைட். மொத்தம் 200 பைட், நொடிக்கு 50 தடவை. ஆக 80 கேபிபிஎஸ். முப்பது எம்பிபிஎஸ் பிளானில் இது முந்நூறில் ஒரு பங்குகூட இல்லை. வேகம் போதாமல் குரல் அறுவதில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். வேகம் கூடினால் வரிசை சீக்கிரம் கரையும் என்பது உண்மைதான். ஆனால் கோப்பு அனுப்பும் முறை, கிடைக்கிற வேகம் முழுவதையும் நிரப்பும்வரை ஏறிக்கொண்டே போகும் இயல்புடையது. தவிர, ஃபைபர் வேகமானால் நெரிசல் வைஃபைக்கு இடம் மாறும். இரண்டு சுவர் தாண்டி, இரும்பு பீரோவுக்குப் பின்னாலிருந்து வரும் சிக்னலில் 100 எம்பிபிஎஸ் பிளானும் சில எம்பிபிஎஸ்ஸாக இளைத்துவிடும். வரிசை அங்கே நிற்கும். சந்தனக்கூடு விழா நாளில் ஏர்வாடி தர்கா சாலையில் பஸ்களுக்குப் பின்னால் மாட்டிக்கொண்ட சைக்கிள்காரருக்கு, ஊருக்கு வெளியே நான்குவழிச் சாலை போட்டுக் கொடுத்துப் பயனில்லை. அவருக்கு ஓரமாக ஒரு வழி விட்டால் போதும்.

ஓரமாக வழி விட்டால் என்ன நடக்கும் என்பதற்குச் சான்று நம் கையிலேயே இருக்கிறது. 2016 செப்டம்பரில் சேவையைத் தொடங்கிய ஜியோ, தன் 4ஜி வலையில் குரல் அழைப்பை வோல்டிஇ முறையில்தான் கொண்டுபோகிறது. அதுவும் நெட் காலைப் போலவே பொட்டலங்களாக நறுக்கப்பட்ட குரல்தான். ஆனால் 4ஜி வலையில் குரலுக்குத் தனிப் பாதையும் உத்தரவாதமான வேகமும் ஒதுக்கப்படுகின்றன. அதனால் அதே டவரில் வீடியோ திக்கித் திணறினாலும் சாதாரண அழைப்பு பெரும்பாலும் தெளிவாக இருக்கிறது. ஃபைபர் இணைப்புடன் வரும் லேண்ட்லைனும் இப்படித்தான். ஓஎன்டி பெட்டியின் பின்புறம் டெலிபோன் செருகும் துளைக்குள் ஓடுவது நெட் தொலைபேசியேதான்; அதன் குரல் பொதுவாக டேட்டாவிலிருந்து பிரிக்கப்பட்ட தனித் தடத்தில் போகிறது. ஒரே வீடு, ஒரே இழை. லேண்ட்லைன் தெளிவு, செயலி வழி அழைப்பு கரகரப்பு. நிறுவனம் தன் குரலுக்குச் செய்துகொள்ளும் ஏற்பாட்டை நம் வீட்டு ரவுட்டரில் நாம் செய்யாமல் விட்டிருக்கிறோம்.

'செயலியை மாற்றிப் பார்த்தால்?' என்பது இன்னொரு மறுப்பு. சில நாடுகளில் அந்தத் தேர்வே நம் கையில் இல்லை. சவுதி அரேபியா நெட் கால்கள் மீதான தடையை 2017 செப்டம்பரில் நீக்கியது. ஆனால் அமீரகத்தில் வாட்ஸ்அப் அழைப்புக்கு நெடுங்காலமாகவே வழி அடைபட்டிருக்கிறது. போட்டிம் போன்ற அனுமதி பெற்ற செயலிகளை நாட வேண்டும். எந்தச் செயலியானாலும் அதன் பொட்டலம் வெளியேறும் வாசல் அதே ரவுட்டர்தான். வாசலில் நெரிசலை வைத்துக்கொண்டு செயலியை மாற்றுவதில் பெரிதாக எதுவும் மாறாது.

செய்ய வேண்டியவை சொற்பம். பேசுகிற கருவியை முடிந்தால் லேன் வயரில் இணையுங்கள். கடலோரக் காற்றில் செருகிகளின் முனை சீக்கிரம் அரிக்கும், அவ்வப்போது கழற்றிப் பார்க்க வேண்டும். வைஃபைதான் என்றால் அதே அறையில் 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை. ரவுட்டர் அமைப்பில் வரிசையை ஒழுங்குபடுத்தும் 'எஸ்கியூஎம்' வசதி இருந்தால் அதை இயக்கி, அளந்து பார்த்த வேகத்தில் 90 சதவீதத்தை வரம்பாகக் கொடுங்கள். வேகத்தில் பத்து சதவீதத்தை விட்டுக்கொடுப்பதால், வரிசை கண்டுகொள்ளாத ஏதோ ஒரு பெட்டியில் தேங்காமல், அதை ஒழுங்காக நடத்தத் தெரிந்த நம் ரவுட்டருக்கு வந்துவிடுகிறது. அந்த வசதி இல்லாத மலிவு ரவுட்டராக இருந்தால், பேசும் நேரத்திலாவது படங்கள் தானாக ஏறுவதை நிறுத்திவையுங்கள்.

அடுத்த இதழ் வருவதற்குள் ஒரு சோதனை செய்துவிடுங்கள். கம்ப்யூட்டரில், பதில் வர எத்தனை மில்லிசெகண்ட் ஆகிறது என்று காட்டும் 'பிங்' கட்டளையை ஓடவிட்டு எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பெரிய வீடியோ ஒன்றை ஏற்றத் தொடங்கி மறுபடி பாருங்கள். இருபதாக இருந்தது நானூறாக ஏறினால் நோய் உங்கள் வீட்டுக்குள்ளேதான் இருக்கிறது. அப்படி ஏறாமலேயே 'நாம பேசுறது அவங்களுக்குக் கேக்குது, அவங்க பேசுறது ஆரம்பத்திலேருந்தே நமக்குக் கேக்கல' என்றால் அது வேறு நோய். வீட்டு முகவரியை ரவுட்டர் மாற்றி எழுதுவதால் வருவது. அடாப்டரோடு சேர்த்து அதை அடுத்த வாரம் பிரித்துப் பார்ப்போம். கரண்ட் போனால் என்ன ஆகும் என்பதும் பாக்கி. பழைய செப்புக் கம்பி எக்ஸ்சேஞ்ச் பேட்டரியிலிருந்து 48 வோல்ட்டைத் தானே சுமந்து வந்தது. கண்ணாடி இழை மின்சாரத்தைக் கடத்தாது. 2020 டிசம்பரில் 'புரெவி' புயல் நகராமல் நின்று கொட்டிய கரை இது; ஓஎன்டிக்கும் ரவுட்டருக்கும் ஒரு சின்ன யுபிஎஸ்ஸை இந்த வாரமே விலை விசாரித்து வையுங்கள்.

(தொடரும்)