வானத்துக் குடை

கள்ளக்குறிச்சிச் சமவெளியிலிருந்து கல்வராயன் மலைமேல் ஏறுவோர், உயரம் மிகுந்தோறும் காற்றுக் குளிர்தலை உணர்வர். ஆயினும் இக்குளிர்ச்சி எல்லையின்றித் தொடர்வதன்று. ஏறத்தாழ 17 கிலோமீட்டர் உயரத்தில் அது நின்றுவிடுகிறது. அதற்கு மேல் 50 கிலோமீட்டர் வரை, மேலே செல்லச் செல்ல வெப்பம் மிகுகின்றது. இப்பகுதி அடுக்கு மண்டலம் எனப்படும். இங்குள்ள ஓசோன் என்னும் வாயு, கதிரவனின் புறஊதாக் கதிர்களை உறிஞ்சுவதே அவ்வெப்பத்திற்குக் காரணமாகும். களமருதூர்க் கழனியில் நாற்று நடுவோரின் தோலையும் கண்ணையும் காக்கும் குடை இதுவே.

வெயில் மிகுந்த வெப்பமண்டல வானில் பெரிதும் தோன்றும் ஓசோனைக் காற்றோட்டம் துருவங்களை நோக்கி மெல்லக் கொண்டு செல்கிறது. ஆதலின், ஓரிடத்து ஓசோனின் அளவை அறிய, வேதியியல் மாற்றங்களையும் காற்றோட்டத்தையும் ஒருங்கே கணக்கிடல் வேண்டும். இக்கணக்கு மனிதர் கையால் முடிவதன்று. எனவே, அறிஞர் வளிமண்டலத்தைப் பல்லாயிரம் கட்டங்களாகப் பகுப்பர். ஒவ்வொரு கட்டத்திலும் உள்ள வெப்பம், காற்று, வாயுக்கள் ஆகியவற்றைக் கணிப்பொறி சிறிது சிறிது நேரமாக முன்னே நகர்த்திக் கணக்கிடும். ஒரு கட்டத்தை விட்டுச் செல்வது அடுத்த கட்டத்தில் வரவு வைக்கப்படும்.

குளிர்பதனப் பெட்டிகளில் பயன்பட்ட குளோரோபுளோரோகார்பன்கள் மேலே சென்று ஓசோனை அழிக்கும் என்று 1974-ல் மோலினா, ரோலண்ட் என்னும் அறிஞர் இருவர் எச்சரித்தனர். அவை புவியின் வெப்பத்தையும் மிகுவிக்கும் என்பதனை, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் பயின்ற வீ. இராமநாதன் 1975-ல் கணக்கிட்டுக் காட்டினார்.

1985-ல் அண்டார்க்டிக்காவின் மேல் ஓசோன் பெரிதும் குறைந்திருத்தலைப் பிரிட்டிஷ் அறிஞர் வெளியிட்டனர். கணிப்பொறிக் கணக்குகள் இதனை முன்னறிவிக்கவில்லை. கடுங்குளிரில் தோன்றும் பனி மேகங்களின் மேற்பரப்பில் நிகழும் வேதிமாற்றம் அவற்றில் சேர்க்கப்படவில்லை. தனக்குச் சொல்லப்படாததைக் கணிப்பொறி அறியாது. 1986-ல் சூசன் சாலமன் முதலியோர் அக்காரணத்தை எடுத்துரைத்தனர். கணக்கும் திருத்தம் பெற்றது.

1987-ல் மாண்ட்ரியல் உடன்படிக்கை உருவாயிற்று. 1992-ல் இந்தியாவும் அதில் இணைந்தது. அவ்வுடன்படிக்கை இல்லாதிருப்பின் என்ன நேர்ந்திருக்கும் என 2009-ல் அறிஞர் கணக்கிட்டனர். 2065-க்குள் உலகின் ஓசோனில் மூன்றில் இரண்டு பங்கு அழிந்திருக்கும் என்பதே விடை. இன்றோ அக்குடை மெல்ல மெல்லச் சீராகி வருகிறது. பிழையைக் கண்டபோது கணக்கைத் திருத்திய அறிஞரும், கணக்கு உரைத்ததை ஏற்றுத் தம் செயலைத் திருத்திய நாடுகளும் சேர்ந்து காத்த குடை அது.