அறுந்த குதிநாண்

கடையநல்லூரில் தறிகளுக்கிடையே வளர்ந்தவன் நான். பாவில் ஓர் இழை அறுந்தால் நெசவாளர் தறியை நிறுத்தி, இரு நுனிகளையும் தேடிப் பிணைத்த பின்னரே மேலே நெய்வார். கெண்டைக்காற் சதையைக் குதியெலும்புடன் இணைக்கும் நாண் அறுந்தாலோ, சுளுக்கென்று எண்ணெய் தடவி நீவுகிறோம்.

உடலிலேயே வலிய நாண் அதுதான். கிரேக்க வீரன் அக்கிலீசின் பெயரை மேனாட்டார் அதற்கு இட்டனர்; கண்ணபிரானும் பாதத்தில் அம்பு பட்டே மறைந்தான் என்பது நம் புராணம். அறுந்தவர்களைக் கேட்டால், பின்னாலிருந்து யாரோ உதைத்தது போலிருந்தது என்பார்கள். கால்பந்து வீரர் டேவிட் பெக்காம் 2010-இல் உலகக் கோப்பைப் போட்டியை இழந்தது இதனாலேயே.

இதைக் கண்டறிவது எளிது. பாதம் கட்டிலுக்கு வெளியே தொங்குமாறு குப்புறப் படுக்கச் செய்து, மருத்துவர் கெண்டைச் சதையை அழுத்துவார். நாண் முழுதாயிருந்தால் பாதம் கீழ்நோக்கி அசையும், அறுந்திருந்தால் அசையாது. நொண்டியாவது நடக்க முடிகிறதே என்று ஏமாறலாகாது. வேறு தசைகளும் பாதத்தைச் சிறிது இயக்கவல்லவை.

முன்பு தோலை நீளக் கீறித்தான் தைத்தார்கள். அவ்விடத்துத் தோல் மெல்லியது. புண் எளிதில் ஆறாது. நீரிழிவுக்காரர் பாடு சொல்லவே வேண்டாம். 1977-இல் மா, கிரிஃபித் என்னும் இருவர், சிறு துளைகள் வழியே ஊசி செலுத்தித் தைக்கும் முறையை வெளியிட்டனர். இன்று பல மருத்துவர்கள் அறுந்த இடத்தில் இரண்டு மூன்று சென்டிமீட்டர் மட்டும் கீறி, மேலும் கீழும் நூலைக் கோத்து, பாதத்தைக் கீழ்நோக்கி வைத்து முடிச்சிடுகிறார்கள்.

இதிலும் ஓர் அபாயம் உண்டு. பாதத்தின் வெளிப்புறத்துக்கு உணர்ச்சி தரும் நரம்பு பக்கத்திலேயே ஓடுகிறது. கண்ணுக்குத் தெரியாமல் செல்லும் ஊசி அதைக் குத்திவிடலாம். நார்வேயில் 526 பேரை ஆராய்ந்து 2022-இல் வெளியிட்ட முடிவில், சிறு கீறல் முறையில் நரம்புக் காயம் 5.2 சதவீதம், பெருங்கீறலில் 2.8. ரண சிகிச்சையே இன்றிக் கட்டுப்போட்டவர்களும் ஓராண்டு முடிவில் ஏறக்குறைய அவர்களைப் போலவே நடந்தனர். ஆனால் நாண் மறுபடி அறுந்தது கட்டுப்போட்டவர்களில் 6.2 சதவீதம்; தைத்துக்கொண்ட இரு வகையினரிலும் 0.6 சதவீதமே. ஆகவே எது தக்கது என்பதை நோயாளியின் வயது, தொழில், உடல்நிலை கண்டே மருத்துவர் சொல்ல வேண்டும்.

அவ்வாறு தேர்ந்துகொள்ளும் வாய்ப்பு முதற்சில நாட்களில்தான் முழுமையாக உண்டு. வாரங்கள் பல கடந்தால் நுனிகள் விலகிச் சுருங்கிவிடும். பிறகு பெரிதாகக் கீறி, அருகிலுள்ள வேறொரு நாணைக் கொணர்ந்து இடைவெளியை நிரப்ப வேண்டியும் வரலாம்.